மேசைக் கணினியில் ஒரு சர்வர்: ஓடாதபோது எங்கே பார்ப்பது?

ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் 1990ஆம் ஆண்டின் இறுதியில் உலகின் முதல் வலை சர்வர் ஓடத் தொடங்கியது. டிம் பெர்னர்ஸ்-லீ தம் அன்றாட வேலைக்கு வைத்திருந்த நெக்ஸ்ட் கணினியிலேயே அது ஓடியது. வீட்டுக்குப் போகும்போது யாராவது அணைத்துவிட்டால் உலகின் மொத்த வலையும் அணைந்துவிடும். ஆகவே, இது சர்வர், அணைக்க வேண்டாம் என்ற பொருள்பட ஒரு தாளில் சிவப்பு மையால் எழுதிக் கணினியின்மேல் ஒட்டி வைத்தார்.

இன்று சர்வர் என்றதும் கண்முன் வருவது குளிரூட்டிய அறையில் அடுக்கடுக்காக நிற்கும் இரும்புப் பெட்டிகள்தாம். கணினி அறிவியல் படிக்கும் மாணவர்களிலும் பலர் அதை வேறு வகை இயந்திரம் என்றே நினைத்திருக்கிறார்கள். அது ஒரு நிரல், அவ்வளவுதான். ஓட்டலில் பரிமாறுபவரை நாம் சர்வர் என்கிறோமே, அந்தப் பொருள் இங்கே அப்படியே பொருந்துகிறது. கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். கேட்டதைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். இல்லாததை இல்லை என்று சொல்ல வேண்டும். அந்த நிரல் காத்து நிற்கும் இடத்துக்கு ஓர் எண் உண்டு, அதற்குப் பெயர் போர்ட். சாதாரண வலைப்பக்கங்களுக்கு 80, மறையாக்கம் செய்த இணைப்புக்கு 443.

மேசைக் கணினியில் இப்படி ஒரு நிரலை ஓடவிடுவது இன்று ஒரு நிமிட வேலை. ஓடாமல் போனால் காரணம் கண்டுபிடிக்க மட்டும் ஒரு நாள் முழுக்கப் போய்விடுகிறது. ஏன் இந்த இடைவெளி? தொடங்கும் வழியை எளிதாக்கிய கருவிகள், கோளாறு கண்ணில் படும் இடங்களையும் சேர்த்தே மூடிவிட்டன என்பது என் எண்ணம். அந்த இடங்களைத் திறந்து பார்க்கத் தெரிந்தவருக்கு இது கடினமான கலை இல்லை.

எதற்காக நம் கணினியில் சர்வர் என்று கேட்பவர்கள் உண்டு. பக்கத்தை எழுதிச் சேமித்து, கோப்பின்மேல் இருமுறை சொடுக்கினால் பிரவுசரில் திறந்துவிடுகிறதே! திறக்கும்தான். ஆனால் அப்போது பிரவுசர் வட்டிலிருந்து நேராகக் கோப்பைப் படிக்கிறது, நடுவில் யாரும் இல்லை. பிஎச்பி நிரல் எழுதியிருந்தால் அது இயங்காது. ஜாவாஸ்கிரிப்ட் இன்னொரு கோப்பிலிருந்து தரவை எடுக்க முயன்றால், பாதுகாப்புக் காரணத்தைச் சொல்லி பிரவுசர் தடுத்துவிடும். வெளியுலகில் அந்தப் பக்கம் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க வேண்டுமானால் நடுவில் ஒரு சர்வர் இருந்தே ஆக வேண்டும்.

மேசைக்கும் சர்வருக்குமான உறவு முப்பது ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய சர்வர்தான் 1990களின் முற்பகுதியில் பரவலாக ஓடியது. 1994இல் அவர் அங்கிருந்து விலக, நிரலின் வளர்ச்சி நின்றுபோனது. அதைப் பயன்படுத்திவந்த நிர்வாகிகள் தத்தம் திருத்தங்களை ஒன்றுசேர்த்து 1995 பிப்ரவரியில் ஒரு குழுவாகக் கூடினார்கள். அப்பாச்சி அப்படிப் பிறந்தது. 1995 டிசம்பர் 1 அன்று அதன் 1.0 பதிப்பு வந்தது. ஓராண்டுக்குள் இணையத்தில் முதலிடம் பிடித்தது. பழுது பார்த்தவர்கள் கூடிக் கட்டிய சர்வர் அது. அதன் பிழைச் செய்திகள் இன்றும் ஒரு நிர்வாகி இன்னொரு நிர்வாகியிடம் பேசுவதுபோல் இருப்பதற்கு அந்தப் பிறப்பே காரணம் என்று எனக்குத் தோன்றும்.

மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 98 குறுந்தகட்டிலேயே ஒரு சிறிய சர்வரைச் சேர்த்துக் கொடுத்தது. மேக் கணினிகளில் முன்பு ஒரு பெட்டியில் குறியிட்டால் போதும், அப்பாச்சி ஓடத் தொடங்கிவிடும். 2012இல் அந்தப் பெட்டியை ஆப்பிள் எடுத்துவிட்டது. நம் கல்லூரி ஆய்வகங்களில் எல்லோருக்கும் பழகிப்போன சாம்ப் தொகுப்பு 2002இல் வந்தது. அப்பாச்சி, தரவுத்தளம், பிஎச்பி, பெர்ல் நான்கையும் ஒரே நிறுவலில் தருவது அது. இப்போது அதுகூடத் தேவையில்லை. பைத்தான் இருந்தால் ஒரே வரிக் கட்டளையில், நாம் நிற்கும் கோப்புறையே 8000ஆம் போர்ட்டில் வலைத்தளமாகிவிடும். பிஎச்பிக்குள்ளேயும் 5.4 பதிப்பிலிருந்து ஒரு சிறிய சர்வர் உண்டு. இவை சோதனைக்கு மட்டுமே, பொது இணையத்துக்கு இல்லை என்று அவற்றின் கையேடுகள் வெளிப்படையாகவே எச்சரிக்கின்றன.

கற்றுக்கொள்ள எதைத் தேர்ந்தெடுப்பது? அவசரத்துக்குப் பைத்தான் வரி போதும். ஆனால் சர்வர் என்றால் என்னவென்று புரிய வேண்டுமானால் லினக்ஸில் அப்பாச்சியை நேராக நிறுவிக்கொள்வதே மேல். சாம்ப் தவறான கருவி இல்லை. அதன் கட்டுப்பாட்டுப் பலகையில் பச்சை விளக்கு எரியாவிட்டால் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் அழித்துவிட்டு மறுபடி நிறுவும் பழக்கம்தான் தவறு. மறுநிறுவல் சில சமயம் பலன் தரும். எதனால் சரியானது என்று மட்டும் கடைசிவரை தெரியாது. அதே கோளாறு அடுத்த வாரம் திரும்பி வரும்.

சர்வர் ஓடுகிறதா என்று பார்க்கப் பிரவுசரைத் திறந்து, "வேலை செய்கிறது" என்ற பொருளில் வரும் அப்பாச்சியின் வரவேற்புப் பக்கத்தைக் கண்டதும் பலர் சோதனை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். அந்தப் பக்கத்தால் நிரூபிக்கப்படுவது மிகக் கொஞ்சம். அது பிரவுசர் நேற்று சேமித்து வைத்த பிரதியாகக்கூட இருக்கலாம். ஆகவே சோதனையை உள்ளிருந்து வெளியே, வட்டம் வட்டமாக விரித்துக்கொண்டு போக வேண்டும். முதலில், நிரல் உயிரோடு இருக்கிறதா? அடுத்து, எந்தப் போர்ட்டில் காத்திருக்கிறது? பிறகு, அதே கணினியிலிருந்து கேட்டால் பதில் வருகிறதா? அதன்பின் பக்கத்திலுள்ள கைப்பேசியிலிருந்து. கடைசியாக, தேவையென்றால் மட்டும், வெளி இணையத்திலிருந்து. எந்த வட்டத்தில் பதில் நிற்கிறதோ அந்த எல்லையில்தான் கோளாறு இருக்கிறது. நான் அறிந்தவரை இதைவிடப் பயனுள்ள முறை வேறில்லை. ஒரு வட்டத்தைத் தாண்டி அடுத்ததற்குத் தாவுபவர்கள், சர்வரே ஓடாதபோது ஃபயர்வாலைத் திருத்திக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாம் வட்டத்தில் பிரவுசரைவிட நம்பகமான சாட்சி கர்ல் என்ற கட்டளை. 1998இலிருந்து இருந்துவரும் இந்தக் கருவி எதையும் ஒளித்து வைக்காது, அழகும் படுத்தாது. சர்வர் அனுப்பிய தலைப்பு வரிகளை அப்படியே காட்டும். அதைவிடப் பழைய வழி டெல்நெட். 80ஆம் போர்ட்டோடு இணைந்து, முகப்புப் பக்கத்தைக் கேட்கும் வரியைக் கையாலேயே தட்டச்சு செய்து, ஒரு வெற்று வரி விட்டால் பதில் கொட்டும். ஒவ்வொரு மாணவரும் ஒருமுறையாவது இதைச் செய்து பார்க்க வேண்டும். வலை என்பது இரண்டு நிரல்கள் எளிய உரையில் பேசிக்கொள்வது என்று அந்தக் கணத்தில் விளங்கும்.

கணினி தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்ளும் முகவரி 127.0.0.1, அதன் பெயர் லோக்கல்ஹோஸ்ட். பெயரும் எண்ணும் எப்போதும் ஒன்றையே குறிக்கும் என்று நம்பிவிட வேண்டாம். புதிய கணினிகளில் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயர் ஐபிவி6 என்ற புதிய வகை முகவரிக்கும் போகலாம். சர்வர் பழைய முகவரியில் மட்டும் காத்திருந்தால் பெயரால் கூப்பிடும் சில நிரல்களுக்குப் பதில் வராது. ஒன்றில் வந்து மற்றதில் வராவிட்டால் சந்தேகப்பட வேண்டிய இடம் அது.

கோளாறுகளில் மிகப் பழையதும் மிகச் சாதாரணமானதும் போர்ட் மோதல். ஒரே முகவரியில் ஒரே போர்ட்டில் இரண்டு நிரல்கள் காத்திருக்க முடியாது. முதலில் வந்தவருக்கே இடம். ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள முகவரி என்ற பிழைச் செய்தி இதைத்தான் சொல்கிறது. விண்டோஸில் பழைய ஸ்கைப் பதிப்புகள் 80, 443 இரண்டையும் பிடித்துவைத்துக்கொண்டு சாம்ப் பயனர்களைப் பல ஆண்டுகள் அலைக்கழித்தன. மைக்ரோசாஃப்டின் சொந்த சர்வரான ஐஐஎஸ் பின்னணியில் ஓடினாலும் இதே கதி. யார் பிடித்திருக்கிறார்கள் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. விண்டோஸில் நெட்ஸ்டாட் கட்டளை போர்ட்டையும் அதை வைத்திருக்கும் நிரலின் எண்ணையும் காட்டும். அந்த எண் 4 என்று வந்தால் நாம் நிறுவிய நிரல் எதுவும் குற்றவாளி இல்லை. விண்டோஸின் உள்ளமைந்த வலைக்கூறு வேறு ஏதோ சேவைக்காக இடத்தைப் பிடித்திருக்கிறது என்று பொருள். லினக்ஸிலும் மேக்கிலும் எல்எஸ்ஓஎஃப் என்ற கட்டளை இதே வேலையைச் செய்யும். லினக்ஸில் இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும். 1024க்குக் கீழே உள்ள போர்ட்டைத் திறக்க நிர்வாகி அதிகாரம் தேவை. சாதாரணப் பயனராக 80ஐத் திறக்க முயன்று தோற்பவர்கள், அதை மோதல் என்று தவறாக நினைத்து இல்லாத எதிரியைத் தேடுகிறார்கள். செய்தி வேறு, காரணம் வேறு. 8080க்கு மாறிக்கொண்டால் இரண்டு சிக்கலுமே பெரும்பாலும் தீர்ந்துவிடும். என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு மாறுவது நல்லது.

அடுத்தது 403. கோப்பு இருக்கிறது, சர்வரும் ஓடுகிறது, ஆனால் உனக்கு அனுமதி இல்லை என்கிறது. டெபியன் குடும்பத்து லினக்ஸில் அப்பாச்சி நிர்வாகியாகத் தொடங்கி போர்ட்டைத் திறந்துகொண்டு, பிறகு அதிகாரம் குறைந்த வேறொரு பயனராகவே பக்கங்களைக் கொடுக்கிறது. அந்தப் பயனருக்கு உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் நுழைய உரிமை இருக்க வேண்டும். கோப்புக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதாது. அதுவரை செல்லும் ஒவ்வொரு கோப்புறையையும் அவரால் கடக்க முடிய வேண்டும். உபுண்டு 21.04 முதல் வீட்டுக் கோப்புறைகள் மற்றவர்களுக்கு மூடியே உருவாகின்றன. பழைய பாடநூலைப் பார்த்து அப்படியே செய்தவருக்கு இன்று 403 வருவது இதனால்தான். அவர் செய்முறையில் பிழை இல்லை. அதேபோல 2012இல் வந்த அப்பாச்சி 2.4 அனுமதி எழுதும் முறையையே மாற்றிவிட்டது, 2.2 காலத்து அமைப்புக் கோப்பைப் படியெடுத்து ஒட்டினாலும் கதவு மூடிக்கொள்ளும். ஃபெடோராவில் இன்னும் நுட்பமான ஒரு காரணம் இருக்கிறது. எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்புக் கூறு ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு முத்திரை குத்தி வைத்திருக்கும். வீட்டிலிருந்து ஒரு கோப்பை சர்வர் கோப்புறைக்கு நகர்த்தினால் பழைய முத்திரை கூடவே போகும், படியெடுத்தால் புதியது கிடைக்கும். அனுமதிகளெல்லாம் கச்சிதமாக இருந்தும் பக்கம் வராது. கோபத்தில் எஸ்இலினக்ஸையே அணைத்துவிடுவது வழக்கமாகிவிட்டது; முத்திரையைச் சீராக்க ஒரு கட்டளையே போதும் என்பதால் அது தேவையே இல்லை.

கேட்டது கிடைக்கவில்லை என்னும் 404 வந்தால் பெரும்பாலும் பெயரில்தான் கோளாறு. விண்டோஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகப் பார்க்கும், லினக்ஸ் பார்க்காது. மேசையில் சரியாக வந்த படம் வெளி சர்வரில் காணாமல் போவது இதனால். நோட்பேடில் சேமிக்கும்போது கோப்பின் வாலில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொள்ளும் டிஎக்ஸ்டி நீட்சியும் இந்தக் கணக்கில் சேரும்.

இவை எல்லாவற்றுக்கும் சாட்சி ஓர் இடத்தில் இருக்கிறது: பிழைப் பதிவேடு. டெபியனில் அது பதிவுக் கோப்புறைக்குள் அப்பாச்சியின் பெயரில் இருக்கும். சாம்பில் அப்பாச்சி கோப்புறைக்குள்ளேயே இருக்கும். பிரவுசர் 500 என்ற ஒற்றை எண்ணோடு வாயை மூடிக்கொள்ளும் போதும், எந்தக் கோப்பில் எந்த வரியில் இடறியது என்று பதிவேட்டில் எழுதியிருக்கும். ஒரு சாளரத்தில் பதிவேட்டின் வால் ஓடிக்கொண்டிருக்க, இன்னொன்றில் பக்கத்தைப் புதுப்பித்துப் பாருங்கள். அணுகல் பதிவேட்டில் ஒரு வரிகூட விழவில்லை என்றால் அதுவும் ஒரு சேதிதான்: கேள்வி இந்த சர்வரை வந்தடையவே இல்லை. எச்சரிக்கையையும் பிழையையும் பிரித்தறிவது மட்டும் பழக வேண்டும். கணினியின் முழுப் பெயர் தெரியவில்லை என்று அப்பாச்சி தொடங்கும்போதெல்லாம் சொல்லும். அதனால் எந்தக் கேடும் இல்லை. உண்மையான பிழை அதற்கு அடுத்த வரியில் இருக்க, இதைத் துரத்தி மாலைப்பொழுதைத் தொலைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என் அனுபவம் ஒன்று. பிஎச்பியில் கோப்பு ஏற்றும் அளவு இயல்பாக 2 எம்பி. அதைக் கூட்டி எழுதினேன், சர்வரை மறுபடி தொடங்கினேன், பயனில்லை. மூன்று மணி நேரம் கழித்துத்தான் பிஎச்பியின் தகவல் பக்கத்தைத் திறந்தேன். சர்வர் படிக்கும் அமைப்புக் கோப்பின் முழுப் பாதை அங்கே இருந்தது. நான் திருத்தியது கட்டளை வரிக்கான வேறொரு கோப்பு. டெபியனில் இரண்டும் தனித்தனி. அன்றிலிருந்து எந்தக் கோப்பைத் திருத்தும் முன்பும், சர்வர் படிப்பது இதுதானா என்று சரிபார்த்துக்கொள்கிறேன். அப்பாச்சிக்கும் இதற்கென்றே கட்டளை உண்டு. அமைப்புக் கோப்பில் இலக்கணப் பிழை இருக்கிறதா என்று முன்கூட்டியே சொல்லும் சோதனைக் கட்டளையும் உண்டு. அதை ஓட்டாமல் சர்வரை நிறுத்துவது சரியில்லை. நிறுத்தியது மறுபடி எழாமல் போகலாம்.

தமிழில் எழுதுபவர்களுக்கென்றே ஒரு கோளாறு உண்டு. ஆங்கிலக் கையேடுகள் இதை அதிகம் பேசுவதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாக எழுதப்படுகிறது; முதல் பைட்டு எல்லாவற்றுக்கும் ஒன்றே. பக்கம் யுடிஎஃப்-8 என்று சர்வர் சொல்லாமல், அதை மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று பிரவுசர் எடுத்துக்கொண்டால், தலையில் சாய்கோடு இட்ட இலத்தீன் எழுத்து ஒன்று மூன்று இடத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும் குப்பை திரையை நிறைக்கும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் தரவு பத்திரமாக இருக்கிறது. படிக்கும் முறையை மட்டும் திருத்த வேண்டும். பக்கத்துக்குள் எழுத்துமுறையைச் சரியாக அறிவித்திருந்தாலும், சர்வர் தலைப்பு வரியில் வேறொன்றைச் சொன்னால் சர்வர் சொல்லே செல்லும். ஆகவே முதலில் கர்ல் கொண்டு தலைப்பு வரியைப் பார்க்க வேண்டும்.

குப்பைக்குப் பதில் வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தால் நிலைமை வேறு. தரவுத்தளத்தில் எழுதும்போதே எழுத்துகள் அழிந்துவிட்டன என்பதன் அடையாளம் அது. மைஎஸ்கியூஎல் 8.0க்கு முந்தைய பதிப்புகளில் இயல்பான எழுத்துமுறை இலத்தீன்தான். அதில் தமிழைப் போட்டால் ஒவ்வொரு குறியும் கேள்விக்குறியாகவே சேமிக்கப்படலாம். எந்த மாயத்தாலும் அதைத் திரும்ப எடுக்க முடியாது. மூலப் பிரதி இருந்தால்தான் பிழைத்தோம். வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால் கவலை வேண்டாம், அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை. இந்த மூன்று அடையாளங்களையும் பிரித்தறியாமல் நல்ல தரவை அழித்துவிட்டு மறுபடி உள்ளிட்டவர்கள் நிறையப் பேர். நான்காவதாக ஒரு சிறு தொல்லை: பழைய நோட்பேட் யுடிஎஃப்-8 கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளத்தைச் சேர்க்கும். அதனால் பிஎச்பி, தலைப்பு வரிகள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன என்று முறையிடும். 2019இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து நோட்பேட் அதை இயல்பாகச் சேர்ப்பதில்லை.

பக்கத்துக் கைப்பேசியில் பக்கம் வராவிட்டால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். சர்வர் 127.0.0.1இல் மட்டும் காத்திருக்கிறதா. விண்டோஸ் ஃபயர்வால் இந்த வைஃபையைப் பொது இடம் என்று நினைத்து மறிக்கிறதா. ரவுட்டர் ஒரு கருவியை இன்னொரு கருவியோடு பேசவிடாமல் பிரித்துவைத்திருக்கிறதா. பக்கம் வந்தும் கேமரா மட்டும் இயங்கவில்லை என்றால் காரணம் பிரவுசரில் இருக்கிறது. லோக்கல்ஹோஸ்டை அது பாதுகாப்பான இடமாக ஏற்கிறது, 192.168 என்று தொடங்கும் முகவரியை, மறையாக்கம் இல்லாதவரை, ஏற்பதில்லை.

வெளி இணையத்துக்குத் திறந்துவிடலாமா? பலரால் இன்று முடியவே முடியாது. இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. ரவுட்டரில் எதைத் திறந்தாலும் வெளியிலிருந்து வரும் கேள்வி வீட்டை எட்டாது. முடிந்தவர்களுக்கும் அவசரம் வேண்டாம் என்பேன். 2001 ஜூலை 19 அன்று கோட் ரெட் என்ற புழு பதினான்கு மணி நேரத்துக்குள் 3,59,000க்கும் அதிகமான கணினிகளைத் தொற்றியது. அது புகுந்த வழி ஐஐஎஸ் சர்வரில் இருந்த ஓட்டை. அதை அடைக்கும் திருத்தம் ஒரு மாதம் முன்பே வெளியாகியிருந்தது. தொற்றியவற்றில் வீட்டுக் கணினிகளும் சிறு அலுவலகக் கணினிகளும் ஏராளம். தங்கள் கணினியில் இப்படி ஒரு சர்வர் ஓடுவதே பலருக்குத் தெரியாது. சாம்பும் சோதனைக்கான வசதியைக் கருதி, தரவுத்தள நிர்வாகிக்குக் கடவுச்சொல் இல்லாமலே வருகிறது. மேசைக்குள் அது வசதி, வெளியே அது திறந்த வீடு.

2013க்குப் பிறகு டாக்கர் போன்ற கொள்கலன் கருவிகள் வந்து இந்தச் சிரமங்களை எல்லாம் பெட்டிக்குள் பூட்டிவிட்டன என்று சொல்கிறார்கள். பெட்டிக்குள்ளும் அதே சர்வர்தான், அதே போர்ட்தான். மோதல் பெட்டியின் வாசலுக்கு நகர்ந்திருக்கிறது, அனுமதிச் சிக்கல் இணைத்த கோப்புறைக்குப் போயிருக்கிறது. பார்க்க வேண்டிய வட்டங்களில் ஒன்று கூடியிருக்கிறது, அவ்வளவே.

ஆய்வகத்தில் பாடம் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பச்சை விளக்கு எரியும் சர்வரோடு வகுப்பைத் தொடங்காதீர்கள். மாணவர்கள் வருவதற்கு முன்பே 80ஆம் போர்ட்டை வேறொரு நிரலுக்குக் கொடுத்துவிடுங்கள். ஒரு கோப்புறையின் அனுமதியைப் பறித்துவிடுங்கள். ஒரு தமிழ்ப் பக்கத்துக்குத் தவறான தலைப்பு வரியை வையுங்கள். பிறகு பிழைப் பதிவேடு எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டிவிட்டு, அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள்.